வாசலே இல்லாத வீட்டுக்கு சாவி எதுக்கு?

மக்கா, இன்னிக்கு செம கடுப்புல இருக்கேன். பொறுத்துக்கோங்க.

பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். எம்எஸ்என் மெசஞ்சர்ல ஃபைல் அனுப்பினா ஆமை மாதிரி நகரும், இல்லாட்டி பாதியில புட்டுக்கும். விஷயம் தெரிஞ்ச ஒருத்தன் வந்து ரவுட்டர்ல 6891லேருந்து 6900 வரைக்கும் போர்ட் திறந்து விடுவான். டோரண்ட்டுக்கு 6881லேருந்து 6889. ரவுட்டர் ஒரு வாட்ச்மேன் மாதிரி. உள்ளேருந்து போறவனை விட்டுடுவார். வெளியேருந்து தானா வர்றவனைத் திருப்பி அனுப்பிடுவார். "இந்த நம்பர் கேட்டு வந்தா 192.168.1.10க்கு அனுப்புங்க"ன்னு அவர்கிட்ட சொல்லி வைக்கறதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அஞ்சு நிமிஷ வேலை.

எம்எஸ்என் கடையை 2014க்குள்ள முழுசா மூடிட்டாங்க, யாஹூ மெசஞ்சரை 2018ல. ஆனா ஃபைல் அனுப்பற தேவை மட்டும் அப்படியேதான் இருக்கு. போன மாசம் குடும்பக் கல்யாண வீடியோ 60 ஜிபி, ஊர்ல இருக்கற அக்காவுக்கு நேரடியா அனுப்பலாம்னு சிங்க்திங் போட்டு, போர்ட் 22000 திறந்தேன். ம்ஹூம். யாரோட ரிலே சர்வர் வழியாவோ சுத்திக்கிட்டு ஊர்ந்துது.

ரவுட்டர்ல வேன் ஐபியைப் பார்த்தா 100.72ன்னு ஆரம்பிக்குது. அப்பத்தான் உறைச்சுது. 100.64லேருந்து 100.127 வரைக்கும் இன்டர்நெட் கம்பெனிகளோட உள்வேலைக்குன்னே 2012ல ஒதுக்கின முகவரி. அதாவது தெருமுனைல கம்பெனி ஒரு கேட் போட்டு, பல வீட்டுக்கு ஒரே பொது ஐபி குடுத்திருக்கு. என் வாட்ச்மேன்கிட்ட என்ன சொல்லி என்ன பிரயோஜனம், வர்றவன் கேட்டையே தாண்டலையே!

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." மூணாவது ஆள் வந்துதான் உண்மையைச் சொன்னார்: "ஸ்டேடிக் ஐபி வாங்கிக்கோங்க, அதுக்குத் தனி சார்ஜ்."

ஐபிவி4 முகவரி பத்தலை, கடைசித் தொகுப்புகளை 2011லயே பிரிச்சுக் குடுத்தாச்சுங்கறது நிஜம்தான். ஒத்துக்கறேன். அதுக்குத்தானே ஐபிவி6 இருக்கு? அதை ஒழுங்காக் குடுத்தா, ரவுட்டர் ஃபயர்வால்ல ஒரே ஒரு போர்ட்டை அனுமதிச்சு வேலையை முடிச்சுடலாம். விக்கும்போது "இத்தனை எம்பிபிஎஸ்"னு கொட்டை எழுத்துல போடறவங்க, "வெளியேருந்து உங்க வீட்டுக்கு வழி கிடையாது"ன்னு பொடி எழுத்துலயாவது போடக் கூடாதா?

"அது பாதுகாப்புதானே"ன்னு ஒருத்தர் சொன்னார். என் கதவைப் பூட்டறதும் திறக்கறதும் நான் முடிவு பண்ணணும் சாமி. இல்லாட்டி அக்காவுக்கு அனுப்பற வீடியோவைக் கூட எவனோ ஒருத்தன் சர்வர்ல ஏத்தி, அதுக்கு மாச வாடகையும் அழணும்.

அடுத்த தடவை கனெக்‌ஷன் எடுக்கும்போது ஸ்பீடை அப்புறம் கேளுங்க. பப்ளிக் ஐபி உண்டா, ஐபிவி6 உண்டான்னு முதல்ல கேளுங்க.

டிஸ்கி: கோவத்துல டிஎம்இஸட்டை ஆன் பண்ணிடாதீங்க. தெருமுனை கேட் இருந்தா அதுலயும் பலன் இல்லை. இல்லாட்டி உங்க கம்ப்யூட்டர் வெளியுலகத்துக்கு மொத்தமா திறந்து கிடக்கும்.