உடல் நலப் பகுதி: முதற்கட்ட மருந்துச் சோதனை எதற்காக?

பிராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டால், அடிப்படையான சிகிச்சை ஹார்மோன் சிகிச்சையே. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் தணியும் என்பதை 1941-ல் சிகாகோவில் டாக்டர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் நாளடைவில் நோய் பெரும்பாலும் இதற்கு அடங்க மறுக்கிறது. அந்த நிலைக்காகத்தான் கீமோதெரபி மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்ட சோதனையில் சேரும்படி டாக்டர் சொன்னால், நம்மவர்களில் சிலர் "நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று அஞ்சுகிறார்கள். வேறு சிலர் "புது மருந்து, கட்டாயம் குணமாகும்" என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

முதற்கட்டச் சோதனையில் பெரும்பாலும் மூன்று பேருக்கு மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். கடுமையான பின்விளைவு இல்லையென்றால் அடுத்த மூவருக்குச் சற்றுக் கூட்டுவார்கள். உடல் எவ்வளவு தாங்கும் என்பதே இங்கே முக்கியக் கேள்வி. நோய் குறைகிறதா என்பது இரண்டாம் கட்டம். பழைய சிகிச்சையைவிட மேலானதா என்பது மூன்றாம் கட்டம்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கை அடுத்த நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள நியூ ஜெர்சி புற்றுநோய் நிலையத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. டாக்டர் ராபர்ட் டிபாவோலாவின் குழு ரெட்டினாயிக் அமிலம், இன்டர்ஃபெரான், பாக்ளிடாக்ஸல் என்ற மூன்றையும் சேர்த்துச் சோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டது. புற்றுச் செல்லைச் சாகவிடாமல் காக்கும் ஒரு புரதத்தை முதலிரண்டு மருந்துகளால் குறைத்துவிட்டு, மூன்றாவதால் தாக்குவது அவர்கள் திட்டம். எண்ணம் நன்றாகவே இருந்தது. ஆயினும் அந்தக் கூட்டு வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை.

அதே 1999-ல் நியூயார்க் கொலம்பியாவில் டாக்டர் டேனியல் பெட்ரிலாக் குழுவினர் டோசிடாக்ஸல், எஸ்ட்ராமஸ்டின் கூட்டின் முதற்கட்டச் சோதனையை வெளியிட்டார்கள். 2004-ல் வந்த பெரிய சோதனையில் இக்கூட்டு சராசரி ஆயுளை 15.6 மாதத்திலிருந்து 17.5 மாதமாக்கியது. அதே ஆண்டு 1,006 பேரிடம் நடந்த மற்றொரு சோதனை, எஸ்ட்ராமஸ்டின் இல்லாமலே டோசிடாக்ஸல் பலன் தருவதைக் காட்டியது. பின்விளைவு மிகுந்த எஸ்ட்ராமஸ்டின் கைவிடப்பட்டது. 2015-ல் வெளியான ஆய்வில், 790 பேரில் ஹார்மோன் சிகிச்சையின் தொடக்கத்திலேயே டோசிடாக்ஸலும் பெற்றவர்களுக்குச் சராசரி ஆயுள் 44 மாதத்திலிருந்து 57.6 மாதமாக உயர்ந்தது. முதலில் முன்வந்தவர்கள் பெற்ற பலன் சிறிது. பின்வந்தவர்கள் பெற்றது ஓராண்டுக்கும் மேல்.

ஆகவே குடும்பத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அப்பா பயப்படுவார்" என்று நோயின் பெயரையே மறைத்துவிட்டு, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று காகிதத்தை நீட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது சம்மதம் ஆகாது. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. தமிழ் மட்டும் தெரிந்த பெரியவருக்காக மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மகனோ மருமகளோ பாதியை விழுங்கிச் சொல்வது போதாது. எப்போது வேண்டுமானாலும் சோதனையிலிருந்து விலகலாம் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து வந்த லேகியம், சூரணம் எதையும் மறைக்க வேண்டாம். எட்டு மூலிகைகள் கொண்டதாக விற்கப்பட்ட பி.சி.-ஸ்பெஸ் என்ற மருந்து, பெண் ஹார்மோன் போல வேலை செய்வதை 1998-ல் இதே நியூ பிரன்ஸ்விக் குழுவினர் கண்டார்கள். 2002-ல் அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் கலந்திருப்பது தெரிந்து, சந்தையிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை நான்கு: இது எந்தக் கட்டம்? வேறு என்ன சிகிச்சை உண்டு? எத்தனை முறை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்? எந்தச் செலவை இன்ஷூரன்ஸ் ஏற்கும்? பெரியவரே கேட்கட்டும், பதிலும் அவரிடமே சொல்லப்படட்டும்.