கிணற்று மேட்டில் உபாத்தியாயர் பயிற்சி

வாயுமண்டலத்தின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கும் என்று கிராமப் பாடசாலைச் சிறுவன் தடையின்றி ஒப்பிப்பான். அவனுடைய தகப்பனாரோ, நீர்மட்டம் இறங்கிய ஆண்டில், மேட்டிலிருந்த பம்பைக் கழற்றிக் கிணற்றுக்குள் திட்டுக் கட்டி இறக்கி வைத்தவராயிருப்பார். மேலேயிருந்தால் அது நீரை எடுக்காது என்பது அவர் பணத்தைச் செலவிட்டுக் கற்ற பாடம். இவ்விரண்டும் ஒரே விஷயம் என்பதைத் தகப்பனாரும் அறியார், மகனும் அறியான். எடுத்துச் சொல்ல வேண்டிய உபாத்தியாயருக்கோ அதைக் கண்ணாற் காணும் வாய்ப்புப் பெரும்பாலும் கிட்டுவதில்லை.

இதற்கு உபாத்தியாயரைக் குறை கூறுதல் நியாயமன்று. அவருக்கு அளிக்கப்படும் பயிற்சி, மண்டபத்தில் அமர்ந்து கேட்கும் பிரசங்கமாகவே பல இடங்களில் முடிந்துவிடுகிறது. கேட்டதைக் கேட்டவாறே அவர் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறார். நீர், சக்தி ஆகிய இரண்டைப் பற்றிய பயிற்சியாவது கிணற்று மேட்டிலேயே, அவர் தம் கையாற் செய்து பார்க்கும் முறையில் நடைபெறுதல் அவசியம்.

வேண்டிய சாமான்கள் சொற்பமே. உள்ளிருப்பது வெளியே தெரியக்கூடிய தடித்த பிளாஸ்டிக் குழாய் 12 மீட்டர் வாங்கி, அதில் நீரை நிரப்பி, மேல்முனையை இறுக அடைக்க வேண்டும். கீழ்முனை கிணற்று நீரில் அமிழ்ந்தேயிருக்க, மேல்முனையைக் கயிற்றாற் கட்டி மெல்ல இழுக்கலாம். சுமார் 10 மீட்டர் வரையில் நீர் குழாயோடு கூடவே ஏறும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் நீர் அவ்விடத்திலேயே நின்றுவிடும். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு கனமுள்ளது, 76ஐ 13.6ஆற் பெருக்கினால் 10 மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். பம்பு நீரை இழுப்பதாக நாம் சொல்லுகிறோமே, உண்மையில் வெளியிலுள்ள காற்றே நீரை மேலே தள்ளுகிறது என்பது அப்போது விளங்கும். குழாயின் உராய்வு முதலியவற்றைக் கழித்தால், பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. இப்பரீக்ஷைக்கு மேட்டிலிருந்து 12 மீட்டருக்குக் கீழே நீர் நிற்கும் கிணறு தேவை. கோயமுத்தூர்ப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

அடுத்தது பீப்பாயும் கடிகாரமும். 200 லிட்டர் பீப்பாய் 40 விநாடியில் நிரம்பினால், விநாடிக்கு 5 லிட்டர். நீரை ஏற்றும் உயரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இவ்வேலைக்கு வேண்டுவது இரண்டு குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவே. மோட்டாரிலோ 5 என்று பொறித்திருக்கிறது. அது முழுச் சுமையுடன் ஓடுமாயின், மற்ற மூன்றும் எங்கே போயின? தேய்ந்த பம்பு, அநாவசியமான வளைவுகள், துருப்பிடித்த ஒடுங்கிய குழாய் ஆகியவற்றை உபாத்தியாயர் தொட்டும் தட்டியும் தேடிப் பார்க்கட்டும். ஓர் ஏக்கருக்கு ஓரங்குல நீர் என்பது ஏறக்குறைய 1,03,000 லிட்டர். மேற்சொன்ன பம்பு அதை இறைக்க ஆறு மணி நேரம் ஆகும். கவலை இறைத்த காலத்தில் எருதுகளின் களைப்பைக் கண்டே நீரின் அருமையைக் குடியானவர் உணர்ந்தனர். பொத்தானை அமுக்குகிறவருக்கு அது தெரிய வழியில்லை.

கிராமத்து உபாத்தியாயரால் இதெல்லாம் ஆகுமா என்று ஐயுறுவோர் உண்டு. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972இல் 16 நடுநிலைப் பாடசாலைகளில் இவ்வகைப் போதனை தொடங்கி, 1978இல் ஜில்லா முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. உபாத்தியாயர்கள் பயிற்சியின்போது ஒவ்வொரு பரீக்ஷையையும் தாமே செய்து பார்த்த பின்னரே பிள்ளைகளிடம் சென்றனர். 2002இல் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. அதன் நியாய அநியாயம் எவ்வாறாயினும், முப்பது ஆண்டுகள் நடந்தேறியதே ஐயத்துக்குத் தக்க விடை.

நிலச்சுவான்தார்களின் தயக்கம் வேறு வகையானது. கிணற்றில் அளவு பார்ப்பது மீட்டர் வைப்பதற்கு முன்னோடியோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். 1970, 1972 ஆகிய ஆண்டுகளில் மின்கட்டணத்தை எதிர்த்து நடந்த கிளர்ச்சிகளில் குடியானவர்கள் உயிரிழந்த நாட்டில் இவ்வச்சத்தை வீணென்று தள்ளிவிட முடியாது. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் ஆழ்துளை தோண்டுவது இலவசமன்று. மட்டம் இறங்க இறங்க அச்செலவு குடியானவர் தலையிலேயே விழுகிறது. ஆகவே அளவை அறிவதால் முதற்பயன் அவருக்கே. பலகையில் எழுதிய கணக்குக் கிணற்றுக்காரருக்கே உரியதென்றும், அடங்கலிலோ வேறெந்தப் பதிவிலோ ஏறாதென்றும் கிராம நிர்வாக அலுவலர் ஊரார் முன்னிலையில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் இறைக்கும்போது அடுத்தவர் கிணற்றில் மட்டம் இறங்குவதும் சில இடங்களில் வெளியாகும். அதனால் மனஸ்தாபம் உண்டாகலாம், அதை மறைப்பதற்கில்லை. எனினும் இன்று காரணம் தெரியாமலே மனஸ்தாபம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பயிற்சிக்கு மே மாதமே ஏற்றது. பாடசாலைகளுக்கு விடுமுறை, கிணறுகளிலும் மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். ஊருக்கு ஒருவர் தம் கிணற்றை ஒரு நாள் ஒப்புவித்தாற் போதும். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறாயின் கயிறு கட்டி எல்லை வகுப்பது முக்கியம். மும்முனை மின்சாரம் எந்நேரத்தில் வரும் என்பதையும் முன்னதாகவே விசாரித்து அறிவித்துவிட வேண்டும். உபாத்தியாயர்கள் பகலெல்லாம் காத்திருக்க, மின்சாரம் நள்ளிரவில் வந்து யாது பயன்?