"பழைய டீம் எங்கே?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு த்ரெட்

1/ வடிவேலு படம் எது வந்தாலும் ட்ரெய்லருக்குக் கீழே ஒரு கமெண்ட் தவறாம வரும்: "பழைய டீம் எங்கே? இந்தப் புது ஆளுங்களை எவன் போட்டான்?" நானும் மதுரைக்காரன்தான். கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த "எங்கே"க்குப் பதில் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

2/ 2006-ல சுராஜ் இயக்கின தலைநகரம். ஹீரோ சுந்தர்.சி. ஆனா நம்ம மனசுல நிக்கிறது நாய் சேகர்தான். 16 வருஷம் கழிச்சு அதே சுராஜ், அதே வடிவேலு, "நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்". 2022 டிசம்பர் 9 ரிலீஸ். கூட நடிச்சது ரெடின் கிங்ஸ்லி, ஆனந்தராஜ், முனீஷ்காந்த், சிவாங்கி, ஷிவானி.

3/ படத்துல சிரிப்பு வரலையா? தாராளமா சொல்லுங்க. டிக்கெட்டுக்குக் காசு குடுத்தது நீங்க. வசனம் சரியில்ல, திரைக்கதை இழுவைன்னு கிழிங்க. அதுல எனக்குச் சண்டையே இல்ல. "பழைய ஆளுங்களை வேணும்னே கழட்டி விட்டுட்டாங்க"ன்னு ஒரு கோபம் இருக்கு பாருங்க, என் சண்டை அதோடதான்.

4/ இப்ப கணக்குப் பார்ப்போம்.
அல்வா வாசு: 2017 மே மாசம், கல்லீரல் நோய். இறந்தது இதே மதுரையில.
கிருஷ்ணமூர்த்தி (தவசி படத்துல ஒசாமா பின்லேடன் அட்ரஸ் கேட்டவர்): 2019 அக்டோபர், குமுளி. ஷூட்டிங் போன இடத்துல மாரடைப்பு.
போண்டா மணி: ரெண்டு கிட்னியும் செயலிழந்து 2023 டிசம்பர் 23 இறந்தார்.
வெங்கல் ராவ்: 2024-ல கை கால் விளங்காம, உதவி கேட்டு வீடியோ போட்டார்.

5/ ஒரு தேதியை மட்டும் கவனிங்க. போண்டா மணி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில படுத்திருந்தது 2022 செப்டம்பர். நாய் சேகர் ரிட்டர்ன்ஸ் வந்தது டிசம்பர். நீங்க திரையில தேடின காலத்துல அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சுக்கிட்டு இருந்தார்.

6/ டயாலிசிஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பெரும்பாலும் வாரம் மூணு நாள், ஒரு தடவைக்கு சுமார் நாலு மணி நேரம் மெஷினோட படுத்திருக்கணும். குடிக்கிற தண்ணியைக்கூட அளந்துதான் குடிக்கணும். முடிஞ்சதும் உடம்பு துணி மாதிரி துவண்டு போகும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்துல இருந்து விடியக்காலை பஸ் புடிச்சு வர்றவங்களைக் கேளுங்க, மறுநாள் வேலைக்குப் போக முடியுமான்னு. கால்ஷீட் எப்படிக் குடுக்கிறது?

7/ அடுத்த வியாதி: போட்டோவைப் பார்த்து நோய் கண்டுபிடிக்கிறது. நம்ம மதுரைக்காரர் ரோபோ சங்கர் 2023-ல மெலிஞ்சு தெரிஞ்சப்ப ஆளாளுக்கு ஒரு வியாதி எழுதினாங்க. மஞ்சள் காமாலைன்னு அவரே பின்னாடி சொன்னார். 2025 செப்டம்பர் 18 இறந்துட்டார். எம்.பி.பி.எஸ் படிச்ச நானே ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வராம வாயைத் திறக்க மாட்டேன். உங்களுக்கு ஒரு தம்ப்நெயில் போதுமா?

8/ "குடிச்சே அழிஞ்சிருப்பான்"ங்கிறது அடுத்த தீர்ப்பு. கேளுங்க: கிட்னி செயலிழக்க முக்கியமான ரெண்டு காரணம் சர்க்கரையும் பிரஷரும். கல்லீரல் கெட குடி ஒரு பெரிய காரணம்தான், ஆனா ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல்னு வேற வழிகளும் இருக்கு. சரி, குடிச்சே வந்ததுன்னே வைங்க. வைத்தியம் பார்க்கவோ, துக்கப்படவோ அது தடையா?

9/ இன்னொரு கதை. 2011 தேர்தல் பிரச்சாரத்துக்கு அப்புறம் வடிவேலுக்குப் படமே குறைஞ்சு போச்சு. தெனாலிராமன் வந்தது 2014-ல. பிறகு இம்சை அரசன் 24ஆம் புலிகேசி தகராறு, அது தீர்ந்தது 2021 ஆகஸ்ட்ல. அவர் தாக்குப் பிடிச்சுட்டார். அவருக்குப் பின்னாடி நின்னு அடி வாங்கினவங்களுக்கு? அவருக்குப் படம் இல்லைன்னா இவங்களுக்கு அன்னைக்குச் சம்பளமும் இல்ல. மாசச் சம்பளம், பி.எஃப், மெடிக்கல் லீவு எல்லாம் எனக்கு உண்டு. அவங்களுக்கு எது?

10/ அந்த இடைவெளியில நாம என்ன பண்ணோம்? 2019 மே மாசம், 2001-ல வந்த ஃப்ரெண்ட்ஸ் படத்து நேசமணிக்காக உலகம் பூரா ட்ரெண்டிங் பண்ணோம். அந்த மாசமும் அந்த டீமுக்கு வேலை இல்ல. மீம் ஓடுச்சு, அடுப்பு எரியல.

11/ "டாக்டர், காமெடிக்கு கெமிஸ்ட்ரி வேணும்ல?" வேணும்தான். ஆனா அது நிறைய படத்துல சேர்ந்து உழைச்சு வந்தது. 1991-ல என் ராசாவின் மனசிலே படத்துல வடிவேலு முகம் காட்டினப்ப கவுண்டமணி–செந்தில் கொடி கட்டிப் பறந்த காலம். "இவன் யாரு புதுசா?"ன்னு அன்னைக்கு ஜனம் கதவைச் சாத்தியிருந்தா உங்களுக்கு நாய் சேகரும் இல்ல, நேசமணியும் இல்ல. சிரிப்பு வரலைன்னா எழுதினவங்களைக் கேளுங்க. கூட நிக்கிற புது ஆளோட முகத்தையும் உடம்பையும் ஏன் திட்டுறீங்க?

12/ உங்களுக்கு வேணுங்கிறது பழைய டீம் இல்லைங்க. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த உங்க வயசு. அதை எந்த டைரக்டராலயும் நடிக்க வைக்க முடியாது.

13/ பாசம் நெஜம்னா மூணு வேலை இருக்கு.
ஒண்ணு: உயிரோட இருக்கிற துணை நடிகர்களைப் புதுப் படத்துல போடுங்கன்னு தயாரிப்பாளர்கிட்ட இப்பவே கேளுங்க, செத்த பிறகு இல்ல.
ரெண்டு: மீம் போடுறப்ப அந்த நடிகரோட பேரையும் எழுதுங்க. பாதிப் பேருக்கு அவங்க பேரே தெரியாது.
மூணு: நீங்களும் முப்பது தாண்டிட்டீங்க. சர்க்கரையும் பிரஷரும் பாருங்க. அரசு ஆஸ்பத்திரியில, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்தான்.

14/ திட்டணும்னு தோணுறவங்க கீழே வரலாம். வர்றப்ப அந்த டீம்ல அஞ்சு பேரோட பேரை, கூகுள் பார்க்காம, எழுதிட்டு வாங்க.