அழைப்பும் அனுமதியும்

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம்மவர் பழமொழி. மணியோசை கேட்ட மாத்திரத்தில் ஆனை தம் வாசலுக்கே வருகின்றதெனத் துணிவார் பலர். அஃது அடுத்த தெருவழியே போய்விடவுங் கூடும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் படைக்கலாசாலைகளிற் சேர விழையும் இளைஞர் சிலருக்கு வரும் ஓர் அழைப்பைக் குறித்து எண்ணுங்கால், இப்பழமொழியே நம் நினைவிற்கு வருகின்றது.

அந்நாட்டுத் தரைப்படைக்கு அதிகாரிகளைப் பயிற்றும் வெஸ்ட் பாயிண்ட் கலாசாலை 1802ஆம் ஆண்டில் ஹட்சன் நதிக்கரையில் நிறுவப்பெற்றது. கடற்படைக்குரிய கலாசாலை 1845இல் மேரிலாந்து மாகாணத்து அனாபொலிஸ் நகரிலும், ஆகாயப்படைக்குரியது 1954இலும் தோன்றின. இவற்றிற் படிப்புக்குக் கட்டணமில்லை. உணவும் உறையுளும் அரசாங்கத்தார் செலவு. மாணாக்கருக்கு மாதந்தோறும் ஒரு சிறு சம்பளமும் உண்டு. நான்கு ஆண்டு கற்று வெளிவருவோர் பட்டத்தையும் படையதிகாரிப் பதவியையும் ஒருங்கே பெறுகின்றனர். ஆதலின், ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் பேருக்கே இடமிருக்க, அவ்விடங்களை நாடுவோர் பல்லாயிரவர்.

இவருள் தெரிந்தெடுத்த சிலரைச் சில நாள் வந்து தங்கிச் செல்லுமாறு அழைத்தல் அனாபொலிஸ் கலாசாலையின் வழக்கம். செல்பவர், மாணாக்கர் அனைவரும் வாழும் பான்கிராப்ட் மாளிகையில் அவருடனேயே உறங்கி, அவருடனேயே எழுந்து, ஒரே கூடத்தில் உண்டு, வகுப்புகளிலும் அமர்ந்து வருகின்றனர். எல்லாருக்கும் வராத அழைப்பாதலின், அது கைக்கு எட்டியவுடன் வீட்டாரும் அயலாரும் இடம் கிடைத்துவிட்டதென்றே கொண்டாடத் தொடங்குகின்றனர். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதே நம் வினா.

பொருந்தாது என்பதே நம் கருத்து. காரணம் அந்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கின்றது. மேற்கூறிய மூன்று கலாசாலைகளிலும் சேர்வதற்கு, மதிப்பெண்ணும் நன்னடத்தையும் மாத்திரம் போதா. சட்டம் குறித்த ஒருவரின் சிபார்சும் வேண்டும். பெரும்பாலார் தம் தொகுதிப் பிரதிநிதி சபை அங்கத்தினரிடமோ, தம் மாகாணத்துச் செனட் சபை அங்கத்தினரிடமோ அதனைப் பெறுகின்றனர். அங்கத்தினர் ஒருவரின் கணக்கில் ஒரு கலாசாலையில் ஒரே காலத்தில் ஐவர் வரையே இருக்கலாம். அவர் தம் பட்டியலில் ஒருவரை முதல்வராகக் குறித்துவிடின், அம்முதல்வர் தகுதியுடையவராய் இருக்குமிடத்து, அவ்விடம் அவருக்கே உரியதாகும். அழைப்புப் பெற்றவர் அப்பட்டியலில் இரண்டாமவராயின், கலாசாலையார் அவரை எத்துணை விரும்பினும் அவ்விடத்தை அவருக்கு ஈதல் இயலாது. அவர் தேசமெங்குமுள்ள ஏனைய தகுதியாளரோடு போட்டியிட்டே வேறிடம் தேடல் வேண்டும்.

சிபார்சு கிடைத்தபின்னும் வைத்தியப் பரிசோதனை நிற்கின்றது. கண், காது, மூச்சு, எலும்பு முதலியவற்றிற் குறை காணப்படின், விலக்குப் பெற்றாலன்றி வழியில்லை. ஒரு மைல் ஓட்டம், கூடைப்பந்தெறிதல் முதலியன அடங்கிய தேகவலிமைப் பரீட்சையும் உண்டு. இவையெல்லாம் நிறைவேறின் இடம் தருவோமெனச் சிலருக்குக் கலாசாலையார் உறுதிக் கடிதம் விடுப்பதுமுண்டு. அதுவுங்கூட நிபந்தனையோடு கூடியதே. அங்ஙனமாக, நிபந்தனையொன்றும் பேசாத வெறும் அழைப்பை அனுமதியென்று கொள்ளுதல், விதைத்த அன்றே களஞ்சியத்தைத் திறந்து வைப்பதை யொக்கும்.

ஆயினும் அதனை ஒன்றுமில்லையெனத் தள்ளுதலும் நேர்மையன்று. பல்லாயிரம் விண்ணப்பங்களில் இஃது உற்று நோக்கத்தக்கது என்று கருதியே அழைக்கின்றனர். அவ்வளவில் அஃது ஒரு மதிப்புரைதான். மற்றொரு கருத்தும் அதில் அடங்கியிருக்கின்றது. கல்வியிற் சிறந்த இளைஞரைப் பிற கலாசாலைகளும் நாடுகின்றன. ஆதலின் படைக்கலாசாலை அவரைச் சோதிப்பதோடு, தன்னையும் அவருக்குக் காட்டிக்கொள்ள விரும்புகின்றது. வாசிப்போர் இப்பின்னதை மறந்துவிடலாகாது. அழைப்பின் உண்மைப் பயன் இங்கேதான் இருக்கின்றதென நாம் எண்ணுகின்றோம்.

ஏனெனில், அவ்விளைஞர் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு சிறிதன்று. நான்காண்டுக் கல்விக்குப் பின் குறைந்தது ஐந்தாண்டு படைச்சேவை. ஆக, வாழ்நாளில் ஒன்பதாண்டு. முதலிரண்டு ஆண்டுகளுக்குள் விலகுவோருக்குச் சேவைக் கடமை இல்லை. மூன்றாம் ஆண்டு தொடங்கியபின் விலகினாலோ, படையிற் சாதாரண வீரனாகச் சேவை செய்யவோ, கல்விச் செலவைத் திருப்பித் தரவோ நேரிடலாம். பதினேழு, பதினெட்டு வயதில் ஒருவர் இத்தகைய பொறுப்பைத் தாங்கத் துணியுமுன், அவ்வாழ்க்கை எத்தகையதென்று கண்ணாற் காணல் வேண்டாமோ? நூல்களும் படங்களும் அணிவகுப்பின் அழகைக் காட்டும். விடியற்காலையில் எழுப்பும் ஓசையையும், பாடத்திற்கும் பயிற்சிக்கும் இடையே மூச்சுவிட நேரமின்றி ஓடுவதையும், வீட்டை விட்டு வந்த முதலாண்டு மாணாக்கரின் முகத்தையும் காட்டா. மாளிகையைக் கண்டு மயங்கித் திரும்பியவர் அழைப்பின் பயனை இழந்தவரே. உடனுறையும் மாணாக்கரிடம், “நீங்கள் இங்கே வந்ததற்கு எப்பொழுதேனும் வருந்தியதுண்டா? வருந்தியும் ஏன் தங்கினீர்கள்?” என்று கேட்டு, விடையைக் கூர்ந்து நோக்கியவரே அதனை அடைந்தவர். கண்டபின் இது நமக்கு ஏற்றதன்றெனத் தெளிந்து விண்ணப்பத்தை மீட்டுக்கொள்ளினும், அவருடைய பயணம் வீணாகாது.

அழைப்புப் பெறாதவர்க்கும் ஒரு வார்த்தை. வந்து தங்காமலேயே அனுமதி பெற்றோர் ஆண்டுதோறும் பலர். மேலும், அழைப்போர் காண்பது ஏடுகளில் எழுதப்பட்டதையே. பெரிய பள்ளியில் விளையாட்டும் சங்கமும் தலைமைப் பதவியும் எளிதிற் கிடைக்கும்; மாலையில் வேலை செய்து தம்பி தங்கையரைக் காக்கும் ஏழை மாணாக்கனின் தலைமை, அவன் எடுத்துரைத்தாலன்றி ஏட்டில் ஏறாது. ஆகவே அழைப்பு வாராமையைத் தம் தகுதிக்கு வந்த தீர்ப்பென ஒருவரும் கொள்ளவேண்டா. விண்ணப்பத்தைச் செவ்வனே முடித்தலே அவர் கடமை.

பெற்றோரும் ஆசிரியரும் இதிற் செய்யத்தக்கது யாதெனின், கொண்டாட்டத்தைச் சற்றே ஒத்திவைத்தலாம். ஊரறியக் கொண்டாடப்பட்ட இளைஞன், பின்னர் இடம் கிடையாவிடின் தலைகுனிவான். இடம் கிடைத்து, ஆனால் மனம் ஒவ்வாவிடின், விலக நாணி விருப்பமில்லாத சேவையிற் சிக்குவான். இவற்றுள் பின்னதே கொடிது. பிற கலாசாலைகளுக்கும் அவனை விண்ணப்பிக்கச் செய்து, திரும்பி வந்தபின் அவன் சொல்வதைப் பொறுமையோடு கேட்பதே உண்மை அன்பு.

நம் கலாசாலை மாணாக்கரும் உத்தியோகத்திற்கோ மேற்படிப்பிற்கோ நேரிற் பார்க்க வருமாறு அழைக்கப்படுவர். அந்நாளில், அவர்கள் நம்மைப் பார்க்கின்றார்கள் என்னும் அச்சத்தால், நாமும் அவர்களைப் பார்க்கவேண்டும் என்பதை மறவாதிருப்போமாக.