கொடுக்கத்தான் யாருக்கும் அதிகாரமில்லை

ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலில் இருந்த கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் சிலையில், உடலின் முன்பகுதி ஏதென்ஸில் இருக்கிறது. தோள்பகுதி லண்டனில் இருக்கிறது. லண்டனில் உள்ள பார்த்தினன் சிற்பங்களுக்கு ஈடாக ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் சுண்ணச்சாந்து வார்ப்புகளை வைத்திருக்கிறார்கள். பழுப்பேறிய அசல் சலவைக்கல்லும் வெள்ளை வெளேரென்ற நகலும் ஒட்டி நிற்பதால், எது போய்விட்டது என்பது விளக்கப் பலகை இல்லாமலே தெரிந்துவிடும்.

பார்த்தினன் கோயிலைச் சுற்றி ஓடிய சுமார் 160 மீட்டர் நீளப் புடைப்புச் சிற்ப வரிசையில் ஏறத்தாழப் பாதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வசம் உள்ளது. ஓட்டோமான் பேரரசுக்கான பிரிட்டன் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் பெயர்த்தெடுத்தவை இவை. ஓட்டோமான் அரசு அனுமதி தந்ததற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஓர் இத்தாலிய மொழிபெயர்ப்புதான். 1816-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்தி, 35,000 பவுண்டுக்கு இவற்றை வாங்கியது. கிரேக்கம் அன்று தனி நாடாகவே இல்லை. அந்த மக்களுக்கு அந்த அவையில் வாக்கும் இல்லை.

ஒவ்வொரு கதவாக...

1982-இல் மெக்ஸிகோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் கிரேக்கக் கலாச்சார அமைச்சர் மெலினா மெர்கூரி சிற்பங்களைத் திரும்பக் கேட்டார். அன்று தொடங்கிய அலைச்சல் இன்னும் ஓயவில்லை. இது அரசுகளுக்கு இடையிலான விவகாரம் என்று 2021-இல் யுனெஸ்கோ குழு சொன்னது. இல்லை, இது பிரிட்டிஷ் அருங்காட்சியக அறங்காவலர்களின் பொறுப்பு என்றது பிரிட்டன் அரசு. அறங்காவலர்களின் கையையோ 1963-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் கட்டியிருக்கிறது: சில விதிவிலக்குகள் தவிர, சேகரிப்பில் உள்ள எதையும் கைமாற்றக் கூடாது. அப்படியானால் சட்டத்தைத் திருத்துங்கள் என்றால், அந்த எண்ணம் இல்லை என்கிறது அரசு. கடனாகப் பெறலாமே என்ற யோசனை வந்தால், அது பிரிட்டனின் உரிமையை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று கிரேக்கம் மறுக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியமாவது உதவியதா? 1981 முதல் 2020 வரை இரு நாடுகளும் ஒரே கூட்டமைப்பில் இருந்தன. சட்டவிரோதமாக வெளியேறிய கலைப்பொருட்களைத் திருப்பித் தர 1993-இல் ஒன்றியம் விதி வகுத்தது. ஆனால், அவ்வாண்டு ஜனவரி 1 முதல் வெளியேறியவற்றுக்கே அது பொருந்தும். பிரெக்ஸிட் பேச்சுவார்த்தையின்போது, ஒன்றியத்தின் வரைவில் கலைப்பொருள் மீட்பு குறித்த ஒரு வரி இடம்பெற்றதுமே லண்டன் பத்திரிகைகள் பரபரத்தன. இறுதி ஒப்பந்தத்தில் அதே 1993 எல்லைக்கோடுதான் நின்றது.

பல தேசங்கள் சேர்ந்து நடத்தும் ஜனநாயகத்தின் பெருங்குழப்பம் இதுதான்: மறுக்க எல்லோருக்கும் அதிகாரம் உண்டு, கொடுக்க யாருக்கும் இல்லை.

யார் கொடுத்தார்கள்?

போப் பிரான்சிஸ் 2023-இல் வாத்திகனில் இருந்த மூன்று பார்த்தினன் சிற்பத் துண்டுகளை ஏதென்ஸுக்கு அனுப்பிவைத்தார். தனியொருவர் முடிவெடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. சிசிலியின் பலேர்மோ அருங்காட்சியகம் 2022-இல் ஒரு துண்டை முதலில் கடனாகக் கொடுத்து, அதே ஆண்டில் நிரந்தரமாகவே ஒப்படைத்தது. முன்னெடுத்தது சிசிலியின் தன்னாட்சி மாநில அரசு. ஒப்புதல் கொடுத்தது இத்தாலிய அரசு. அடுக்கடுக்கான ஜனநாயகத்திலும் ஓர் அடுக்கு பொறுப்பேற்றால் வழி திறக்கும்.

பிரிட்டனிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. நாஜிகள் கொள்ளையடித்த கோட்டோவியங்களைத் திருப்பித் தர பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விரும்பியபோது, தார்மிகக் கடமை இருந்தாலும் 1963 சட்டம் தடுக்கிறது என்று 2005-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாஜிகள் காலத்தில் பறிபோன பொருட்களுக்காக நாடாளுமன்றம் 2009-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நிபுணர் குழு பரிந்துரைக்க வேண்டும், அமைச்சர் ஏற்க வேண்டும்; அதன்பின் பொருளை ஒப்படைக்கலாம்.

சேகரிப்பைக் காக்கும் தடைச் சட்டத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. அது இல்லாவிட்டால், ஆட்சிக்கு வருகிறவர்கள் அருங்காட்சியகப் பொருட்களை ராஜதந்திர அன்பளிப்பாக வாரி வழங்கிவிடலாம். ஆனால், 2009 சட்டம் பூட்டை உடைக்கவில்லை. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று மட்டும் தீர்மானித்தது. அதே ஏற்பாட்டைக் காலனியக் காலப் பொருட்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். நிபுணர் குழு மறுக்கவும் செய்யலாம். அப்போதும் காரணங்களை எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும். வாக்கெடுத்து வாங்கிய நாடாளுமன்றம், திருப்பித் தருவதா வேண்டாமா என்பதற்குப் பொறுப்பான ஒருவரையாவது நியமிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.