குரல் எங்கே இருக்கிறது?

எங்கள் உம்மா பாடும் தாலாட்டை, என் தங்கை மகன் 2018ஆம் ஆண்டு வீட்டுக் கணிப்பொறியில் பதிவு செய்தான். உம்மாவின் குரல் ஒரு தடத்தில். அவன் தட்டிய தப்ஸ் ஓசை மற்றொன்றில். முடிந்ததும் ஒரு கோப்பைப் பென் டிரைவில் பத்திரப்படுத்தினான். பின்னர் அக்கணிப்பொறியைத் துடைத்து விற்றுவிட்டோம். உம்மா வஃபாத்தான பின் ஒருநாள் அக்கோப்பைத் திறந்தவன், "மாமா, கோடு ஓடுது, சத்தம் வரலையே!" என்று கண் கலங்கினான்.

அவன் பயன்படுத்தியது ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள். அதன் அன்றைய பதிப்புகளில் 'ஏயூபி' கோப்பு வெறும் குறிப்பேடே. எந்தத் துண்டு எங்கே ஒலிக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும். ஒலியோ, அதே பெயருடன் 'டேட்டா' என முடியும் பக்கத்துக் கோப்புறையில், ஏறத்தாழ 6 வினாடித் துண்டுகளாகக் கிடக்கும். சமையல் குறிப்பை எடுத்துக்கொண்டு அரிசி மூட்டையை விட்டு வந்த கதைதான்! துண்டுகள் இல்லாத இடங்களை மென்பொருள் மௌனத்தால் நிரப்பிவிட்டது.

2021 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் எல்லாம் ஒரே கோப்பாயிற்று. ஆயினும் அது திறந்திருக்கும்போது நகலெடுக்கலாகாது; புதிய மாற்றங்கள் அருகிலுள்ள தற்காலிகக் கோப்பில் நிற்கக்கூடும். மூடிவிட்டு எடுங்கள். ரீப்பர் போன்றவற்றில் குறிப்பும் ஒலியும் இன்றும் தனித்தனியே. சேமிக்கும்போதே, தனிக் கோப்புறை அமைத்து ஒலிகளையெல்லாம் அதற்குள் நகலெடுக்கச் சொல்லும் வசதியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நகல் முழுமையானதா என்றறிய எளிய வழியுண்டு. ஆடாசிட்டியின் வழக்கமான அமைப்பில் ஒற்றைத் தடம் நிமிடத்திற்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். 2 தடங்களுள்ள 5 நிமிடப் பாட்டு 100 மெகாபைட்டை எட்ட வேண்டும். உங்கள் நகல் சில கிலோபைட்டே காட்டினால், கணிப்பொறியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்!

ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே 'வேவ்' கோப்பாகவும் எடுத்து வைப்பது நல்லது. எந்த மென்பொருளிலும் அவற்றை அடுக்கினால் குரலும் தாளமும் பொருந்தி நிற்கும்.

சென்ற வாரம் தங்கையை அமர்த்தி, அவளுக்கு நினைவிருந்த அளவில் அதே தாலாட்டைப் பதிவு செய்தோம். கோப்புறைக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டு, முழுக் கோப்புறையையும் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறான் பையன். நடுவில் ஓர் அடி மட்டும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அவ்விடத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறான்.