ஈறில் ரத்தம் வந்தால் பிரஷை நிறுத்தாதீர்கள்

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது வாஷ்பேசினில் லேசாகச் சிவப்பு. வலி கிடையாது. வீக்கமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்து பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: ரத்தம் வரும் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கத்தை மட்டும் தேய்ப்பது. சிலர் பிரஷையே ஓரம்கட்டிவிட்டு விரலுக்கும் பல்பொடிக்கும் மாறிவிடுகிறார்கள். மருந்துக் கடையில் வைட்டமின் சி மாத்திரை வாங்கிச் சப்புகிறவர்களும் உண்டு. சில நாட்களில் ரத்தம் நின்றதுபோல இருக்கும். நோய் மட்டும் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

வைட்டமின் சி குறைந்தால் ஈறு கசியும் என்பது பாடப் புத்தகத்தில் படித்த உண்மைதான். ஆனால் வழக்கமான சாப்பாடு சாப்பிடும் ஒருவருக்கு ஈறில் ரத்தம் வர அது காரணமாக இருப்பது அபூர்வம். பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் படியும் பிளேக்தான் காரணம். கிருமிகள் கூடி வாழும் வழவழப்பான படலம் இது. தினமும் உருவாகிறது; பிரஷால் எளிதில் போய்விடும். விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள கால்சியம் அதில் ஏறி, சில நாட்களிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கிறது. அப்படி இறுகியதுதான் பற்காரை. அதன் பிறகு எந்த பேஸ்ட்டாலும் அதை அசைக்க முடியாது.

பிளேக்தான் குற்றவாளி என்பதை ஹரால்ட் லோ என்ற நிபுணரும் அவரது சகாக்களும் டென்மார்க்கில் ஓர் எளிய பரிசோதனை மூலம் நிரூபித்தார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிக் கசிந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. 1965-ல் வெளியான இந்த முடிவுகள் இன்றும் பல் மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். ரத்தம் வரும் இடத்தைத்தான் நன்றாகத் துலக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

இந்த முதல் கட்டத்தில் நோய் முழுமையாகக் குணமாகிவிடும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அழற்சி ஈறைத் தாண்டி, பல்லைத் தாங்கும் எலும்புக்குப் போகிறது. ஊரில் பயோரியா என்று சொல்லப்படும் நோய் இதுதான். ஈறு பல்லைவிட்டு விலகி, இடையில் பை போன்ற பள்ளம் விழுகிறது. ஆரோக்கியமான ஈறில் இந்த இடைவெளியின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதற்கு மேல் போனால் பிரஷ் எட்டாத ஆழத்தில் கிருமிகள் குடியேறிவிடும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை.

எல்லோருக்கும் நோய் ஒரே வேகத்தில் முற்றுவதில்லை. அதே லோ குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970-ல் பரிசோதித்து, 1985 வரை அவ்வப்போது திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள் அவர்கள். சொத்தைப் பல்லும் அவர்களிடம் இல்லையென்றே சொல்லலாம். அதனால் விழுந்த பற்கள் எல்லாம் ஈறு நோயின் கணக்கில் சேர்ந்தன. 11 சதவிகிதம் பேருக்கு நோய் ஈறோடு நின்றது. 81 சதவிகிதம் பேருக்கு மெதுவாக முற்றியது. மீதி 8 சதவிகிதம் பேரின் கதி பரிதாபம்: 20 வயதில் பல் விழத் தொடங்கி, 45 வயதில் வாய் காலி. ‘எங்கள் தாத்தா பல்லே தேய்க்காமல் 80 வயதில் கரும்பு கடித்தார்’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தாத்தா அந்த 11 சதவிகிதத்தில் இருந்திருப்பார். பேரன் எதில் இருக்கிறான் என்பதுதான் கேள்வி.

நோயைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் போதும். வெளிர் சிவப்பாக இறுகியிருக்க வேண்டிய ஈறு கருஞ்சிவப்பாக உப்பியிருப்பது, துலக்கியும் போகாத வாய் நாற்றம், பல் நீண்டுவிட்டதுபோலத் தோன்றுவது, முன்பு இல்லாத இடைவெளியில் சாப்பாடு சிக்குவது - இவை எல்லாமே எச்சரிக்கைகள். பல் ஆடும்போது போவது தாமதம். புகை பிடிப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் ரத்தம் வராமலேயே எலும்பு கரையும். பீகார், ஒடிசா பக்கம் குல், குடாகு என்றும் மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி என்றும் புகையிலையையே பல்லில் தேய்க்கும் பழக்கம் உண்டு. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்க்க 1992-ல் அரசு தடை விதித்தும் பழக்கம் ஒழியவில்லை. உப்பு, கரி, செங்கல் தூள் எல்லாம் பல்லைத் தேய்க்கின்றன என்பது நிஜம். பல்லே தேய்ந்துபோகும் அளவுக்கு!

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் கசியும். வலிப்பு, ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளால் ஈறு தடித்து வளரும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்வது நல்லது. ஈறு கசிவதோடு காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள், கடும் சோர்வும் இருந்தால் பல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் உள்ள தொடர்பு இருவழிப் பாதை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு வேகமாகக் கெடும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வர விடாது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி அளவு சராசரியாக சுமார் 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் எத்தனை சர்க்கரை நோயாளிகளின் வாயை யாராவது திறந்து பார்க்கிறார்கள்?

சிகிச்சை என்றதும் கிளம்பும் பெரிய பயம், ‘க்ளீன் செய்தால் பல் ஆடிப்போகும்’ என்பது. இந்த ஒரு நம்பிக்கை பலருடைய பற்களைக் காவு வாங்கியிருக்கிறது. நடப்பது வேறு. எலும்பு முன்பே கரைந்து, பற்களைப் பற்காரைதான் சிமெண்ட் பூசியதுபோலப் பிடித்து வைத்திருக்கும். அதை நீக்கியதும் மறைந்திருந்த ஆட்டம் தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் இடைவெளியும் தெரிகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் வரை சுத்தம் செய்வார்கள். அதற்கும் மசியாத இடங்களில் ஈறைத் திறந்து சிறு அறுவை சிகிச்சை. ஆன்டிபயாட்டிக் மட்டும் விழுங்கினால் போதும் என்பது தப்புக் கணக்கு; பற்காரை அப்படியே இருக்கும். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்தும் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே. தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

வீட்டு வேலை அப்படியொன்றும் பெரிதல்ல. மிருதுவான பிரஷ், காலையும் இரவும் இரண்டு நிமிடம். இரண்டில் ஒன்றைத்தான் விட வேண்டும் என்றால் காலையை விடலாம். தூங்கும்போது எச்சில் குறைவதால் இரவுதான் முக்கியம். பிரஷை ஈறின் விளிம்பில் 45 டிகிரி சாய்வாக வைத்து, பாத்திரம் தேய்ப்பதுபோல அழுத்தாமல் மெல்ல அசைக்க வேண்டும். பல் இடுக்குகளுக்கு நூல் அல்லது இடுக்கு பிரஷ். குண்டூசி, ஊக்கு கூடாது. வேப்பங்குச்சி பழகியவர்கள் நுனியை நன்றாக மென்று மிருதுவாக்கிக்கொண்டால் தவறில்லை. ஆனால் பின் பற்களின் உட்பக்கம் அது எட்டுவது கஷ்டம்.

இப்படி இரண்டு வாரம் துலக்கியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் பள்ளத்தை அளந்து எழுதித் தரும்படி கேட்கலாம். நோய் முற்றியவர்களுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் தேவைப்படும். முன்பு அளந்த அந்தச் சீட்டு கையில் இருந்தால், ஈறு தேறுகிறதா, தேய்கிறதா என்பதை அடுத்த முறை இருவருமே சரிபார்த்துக்கொள்ளலாம்.